இப்போதைக்கு இது போதும்

அவர் இறந்ததற்குக் கடைவீதியில் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். 'கைபட்டதெல்லாம் துலங்க வைத்த கணினி மேதை' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. நான் பேருந்துக்கு நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே ஒன்று. தினமும் காலையில் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டுதான் வண்டி ஏறுகிறேன். இறந்துபோனவரைப் பற்றிக் குறை சொல்லாதே என்கிறார் என் கணவர். எனக்கு எப்போதும் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய மனைவியும் மகளும் இந்தப் புதுக்கோட்டையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கீழ ராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில், தகர ஷீட் போட்ட ஓர் அறைதான் கடை. கல்யாண வீடியோ எடுத்து, மிக்சிங் செய்து, ஆல்பமும் போட்டுத் தருவோம். கேமரா அவர் பிடிப்பார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவது என் வேலை. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய எனக்கு அந்த வேலையைக் கொடுத்தவர் அவர்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். அவரிடம் நல்ல குணம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல குணம் நிறைய இருந்தது. அதனால்தான் யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

அவர் வாயில் எப்போதும் இருந்த ஒரு வார்த்தை 'இப்போதைக்கு.' நாற்காலியின் கால் உடைந்தால் கேமரா ஸ்டாண்டின் கம்பியை வைத்துக் கட்டி, "இப்போதைக்கு இது போதும்" என்பார். கதவின் தாழ்ப்பாள் போனால் ஸ்பூனை வளைத்துச் சொருகி, "இப்போதைக்கு இது போதும்." அந்த ஸ்பூன் நான் வேலையை விட்ட நாள் வரை அங்கேதான் இருந்தது. சரியான பொருளை வாங்கிப் போடுவது அவருக்கு ஏதோ தோற்றுப்போவது மாதிரி. கையில் இருப்பதை வைத்து முடித்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், பார்க்கிறவர்களுக்கும் அது தொற்றிக்கொள்ளும். சந்தில் இருப்பவர்கள் மாடியேறி வந்து வேடிக்கை பார்ப்பார்கள். "அண்ணனுக்கு மூளையப் பாருய்யா" என்பார்கள்.

ஒருமுறை கடையில் ஃபியூஸ் போனது. ஃபியூஸ் கம்பி வாங்கி வருகிறேன் என்று நான் எழுந்தேன். "எதுக்கும்மா? இந்தா கெடக்கு" என்று ஒரு பழைய ஒயரை உரித்து, உள்ளே இருந்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டார். ஃபியூஸ் கம்பி எதற்கு இருக்கிறது? கரண்ட் அதிகமானால் முதலில் அது உருக வேண்டும், உருகி மற்றதைக் காப்பாற்ற வேண்டும். செம்பு அவ்வளவு சீக்கிரம் உருகாது. அடுத்த மாதம் ஒரு நாள் மத்தியானம் சுவருக்குள் இருந்த ஒயர் முழுக்கப் பொசுங்கியது. கீழே இருந்த டெய்லரின் தையல் மோட்டார் புகைந்துபோனது. இவர் என்ன செய்தார் தெரியுமா? டெய்லரின் தோளில் கை போட்டு டீக்கடைக்குக் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். டெய்லர் அந்தத் தீபாவளித் துணிகளை முழுக்கக் காலால் மிதித்துத் தைத்தார். முழங்கால் வீங்கிக் கிடந்தது எனக்குத் தெரியும், டெய்லரின் மனைவி என்னிடம் சொன்னார்.

இன்னொன்று. அவருடைய மனைவியின் தோட்டுத் திருகாணி ஒன்று தொலைந்துவிட்டது. பத்தரிடம் போனால் பத்து நிமிட வேலை. இவர் செம்புத் துண்டு ஒன்றை அரத்தால் ராவி, மரை போட்டு, தானே ஒரு திருகாணி செய்துவிட்டார். அருமையான வேலைப்பாடுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஈஸ்டருக்கு அந்த அக்கா அதைப் போட்டுக்கொண்டு வந்தார். காது மடல் பச்சை பூத்து, புண்ணாகி, நீர் வைத்து, கடைசியில் ஓட்டை கிழிந்தே போனது. காதில் கட்டுப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தவர், "எங்க வீட்டுக்காரருக்கு வராத வேலையே இல்லம்மா" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காது யாருடையது?

இவருடைய 'இப்போதைக்கு'க்கு விலை கொடுத்தது எப்போதும் இன்னொருவர். இதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

இனி அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமத்துப் பெண். வேறு சாதிப் பையனை விரும்பினாள். வீட்டுக்குத் தெரியாமல் குளத்தூரில் ஒரு நண்பனின் வீட்டில் தாலி கட்டிக்கொண்டார்கள். அந்தக் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர் இவர்தான். ஒரு பைசா வாங்கவில்லை. "நாலு பேரு இல்லாம நடக்குற கல்யாணம், நாமளாவது கூட நிப்போம்மா" என்று என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவரை நினைத்து நானும் பெருமைப்பட்டேன்.

கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். போனவன் கொஞ்ச நாளில் போனை எடுப்பதை நிறுத்தினான். அவன் வீட்டில் வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். இவள் போய்க் கேட்டதற்கு, "கல்யாணமா? எந்தக் கல்யாணம்? யாரு பாத்தா?" என்று வாசலிலேயே வைத்துக் கேட்டார்கள். கூட இருந்த நண்பனும் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டான். அவள் போனில் இருந்த படங்களை அவளுடைய அண்ணன், போனோடு சேர்த்து அம்மியில் வைத்து நசுக்கியிருந்தான். அவள் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாள். விசாரணைக்கு நாள் குறித்து, சாட்சி என்ன இருக்கிறது என்று கேட்டார்கள்.

இருந்த ஒரே சாட்சி, நான் பாதி வெட்டி ஒட்டியபடி எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது. கேமராவில் போடும் கார்டு இரண்டுதான், அதையே அழித்து அழித்து எடுப்பார். இன்னொரு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் நகல் எடுத்து வைப்போம் என்று நான் கேட்காத மாதம் இல்லை. அதற்கும் அவர் சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகர ஷீட்டுக்குக் கீழே பங்குனி வெயிலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், மேஜையைத் தொட்டாலே கை சுடும். பெரிய வீடியோவை ஓட்டும்போது பாதியில் நின்று நீலத் திரை வந்துவிடும். சர்வீஸ்காரர் வந்து பார்த்து, மெமரி சூடாகிறது என்றார். மெமரி என்பது சீப்பு மாதிரி நீளமான பட்டைகள். நான்கு பட்டைகளை நெருக்கிச் சொருகியிருக்கும், நடுவே காற்றுப் போக இடம் இருக்காது. ஏசி போடுங்கள், இல்லையென்றால் நல்ல ஃபேன் வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் யூடியூபில் என்னத்தையோ பார்த்துவிட்டு, "தண்ணி விட்டுக் குளுர வைப்போம்" என்றார்.

யோசனை தப்பில்லை. அப்படிச் செய்கிறார்கள்தான். மெமரிப் பட்டைகளின் இரண்டு பக்கமும் உலோகத் தகடு பிடித்து, அதன் தலையில் உள்ளே ஓட்டை போட்ட ஓர் உலோகக் கட்டியை உட்கார வைக்க வேண்டும். ஓட்டை வழியே தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும். வெளியே ஒரு குழாய்ச் சுருளில் ஃபேன் காற்றில் ஆறித் திரும்ப உள்ளே போகும். தண்ணீரைத் தள்ள மீன் தொட்டி மோட்டார் வாங்கினார். தண்ணீர் நிற்க ஒரு ஊறுகாய் டப்பா. குழாய்ச் சுருளைப் பழைய ஏசியிலிருந்து கழற்றித் தந்தவர் பக்கத்துத் தெரு ஏசி மெக்கானிக். சுருள் செம்பு. கட்டிக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தது.

மெக்கானிக் அப்போதே சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அண்ணே, தண்ணி படுற எடமெல்லாம் செம்பாவே இருக்கட்டும். செம்பு கெடைக்கலேன்னா பித்தளையில போடுங்க, ரெண்டும் ஒத்துப் போகும். அலுமினியத்த மட்டும் சேத்துராதீங்க."

"ஏம்ப்பா, அலுமினியம் சூட்ட நல்லாத்தான இழுக்கும்?"

"இழுக்கும்ணே. தனியா இருந்தா ஒண்ணுமில்ல. செம்பும் அதும் ஒரே தண்ணியில கெடந்தா, செம்பு அலுமினியத்தத் தின்னுரும்."

"தின்னுருமா? செம்பு என்ன ஆடா, மேயுறதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்துவிட்டார். அவர் அப்படித்தான், எதிரில் இருப்பவரைச் சிரிக்க வைத்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. "எங்கிட்ட செம்புக் கட்டி ஒண்ணு கெடக்குண்ணே, திருச்சியில குடுத்துக் கடஞ்சு வாங்கிக்கங்க, ரெண்டு மூணு நாள்ல தருவாங்க" என்று மெக்கானிக் போகிற போக்கில் மறுபடியும் சொல்லிப் பார்த்தார். இவருக்கு இரண்டு மூன்று நாள் பொறுக்காது. லேத் பட்டறையில் கிடந்த அலுமினியத் துண்டைச் சாயங்காலமே ஓட்டை போட்டு வாங்கி வந்துவிட்டார்.

மாட்டி ஓட விட்டதும் சூடு குறைந்தது உண்மை. நீலத் திரை வரவில்லை. ஊறுகாய் டப்பாவில் தண்ணீர் சுழல்வதைப் பார்க்கச் சந்தே வந்தது. காலேஜ் பையன்கள் செல்போனில் படம் பிடித்துப் போட, எங்கிருந்தெல்லாமோ பேசினார்கள். மேதை என்ற பட்டம் அந்த ஊறுகாய் டப்பாவில் வந்ததுதான்.

நல்ல வேளையாகப் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரைத்தான் முதலில் ஊற்றினார். சித்திரை வெயிலில் அது வற்றிக்கொண்டே வந்தது. ஒரு நாள் டப்பாவில் மட்டம் இறங்கி மோட்டார் கர் கர் என்று காற்றை இழுத்தது. பேட்டரித் தண்ணீர் வாங்க நான் செருப்பை மாட்டினேன். அதற்குள் அவர் சாமி படத்துக்குக் கீழே இருந்த பாட்டிலை எடுத்துத் திறந்துவிட்டார். ஈஸ்டருக்கு ஆவூர் சர்ச்சுக்குப் போனபோது கடைக்குத் தெளிப்பதற்காக அவருடைய மனைவி கொண்டு வந்து வைத்த தீர்த்தம் அது.

நானும் அந்தப் பக்கத்து வேதக்காரக் குடும்பம்தான். எங்கள் ஊரில் தண்ணீரை மந்திரிக்கும்போது உப்பையும் மந்திரித்து அதில் போடுவார்கள். தீர்த்தத்தை நாக்கில் வைத்தால் கரிக்கும். சின்ன வயதில் அதைத் தொட்டு நக்கி அடி வாங்காத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. அவருக்கும் அது தெரியும்.

"அண்ணே, ஊத்தாதீங்க, அதுல உப்பு இருக்கு."

"மந்திரிச்ச உப்பும்மா. அது கெடுதல் செய்யுமா?"

"அண்ணே, உப்புத் தண்ணி இரும்பையே அரிக்கும்."

"நீயெல்லாம் கோயிலுக்குப் போற பொண்ணா? இப்போதைக்கு இத ஊத்துவோம். இனிமே இந்த மிசினக் கர்த்தரே பாத்துக்குவாரு."

பாட்டில் முழுவதையும் ஊற்றினார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடவுள் கொடுத்ததைக் கடவுள் கேட்காத இடத்தில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, அவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்வதற்குப் பெயர் பக்தியா?

கொஞ்ச நாளில் டப்பாத் தண்ணீர் கலங்கியது. அடியில் வெள்ளையாக மாவு மாதிரி படிந்தது. காட்டினேன். "சுண்ணாம்பு" என்றார். இது நிலத்தடித் தண்ணீர் இல்லையே, சுண்ணாம்பு எங்கிருந்து வரும் என்று கேட்டேன். வடிகட்டி ஊற்றச் சொன்னார்.

அந்தப் பெண் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. விசாரணை அடுத்த புதன்கிழமை.

"அண்ணே, எடுத்த வீடியோவ அப்புடியே குடுத்தாப் போதும்ணே. இன்ஸ்பெக்டர் மேடத்துக்கிட்டக் காட்டணும்."

"பச்சையாவா குடுக்குறது ஆத்தா? ஒங் கல்யாணம்ல? பேரெல்லாம் போட்டு, ஒரு பாட்டு வச்சு, திங்கக்கெழம அழகாத் தாரேன்."

"பாட்டெல்லாம் வேணாம்ணே."

"நான் இருக்கேன்ல? நீ பேசாமப் போயிட்டு வா."

பென் டிரைவில் இப்போதே போட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்று நான் எழுந்தேன். வேறொரு ரிசப்ஷன் வீடியோவை முழுப் படமாகச் சேர்த்தெடுக்க ஓட விட்டிருந்தார், அது முடியும் வரை மிஷினில் யாரும் கை வைக்கக்கூடாது என்றார். அது சனிக்கிழமையும் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பூட்டிய கடைக்குள் தனியாகவும் ஓடியது.

திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்ததும் கருகிய வாடை. கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. மெமரியின் தலையில் இருந்த அலுமினியக் கட்டியில் ஊசி குத்தியது மாதிரி ஓட்டைகள், ஓரமெல்லாம் வெள்ளைச் சகதி. அதன் வழியாகத் தண்ணீர் மெமரியில் இறங்கி, போர்டில் இறங்கி, அடியில் இருந்த டிஸ்க்கில் சொட்டியிருந்தது. சொட்டியது உப்புத் தண்ணீர். டிஸ்க்கின் முதுகில் இருந்த சின்ன போர்டு கருத்துப் போயிருந்தது.

அப்போதும் ஒரு வழி இருந்தது. கருகியது வெளியே இருந்த போர்டு. படம் இருப்பது உள்ளே, மூடிய பெட்டிக்குள் இருக்கும் தட்டில். அதை எடுத்துத் தருவதற்கென்றே திருச்சியில் ஆள் இருக்கிறார்கள்.

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"அண்ணே, தொறக்காதீங்க! திருச்சிக்குக் கொண்டு போவோம். நானே பஸ்ல போயிட்டு வாரேன்."

"உள்ள ஈரம் போயிருக்கும்மா. தொறந்து காய வச்சா சரியாயிரும்."

"தொறந்தாப் போச்சுண்ணே, தூசி பட்டாப் போச்சு!"

நான் கத்தினேன். அந்தக் கடையில் நான் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. கீழேயிருந்து டெய்லர் அண்ணாந்து பார்த்தார். இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மூடியைக் கழற்றினார். கண்ணாடி மாதிரி மின்னிய அந்தத் தட்டை, தினத்தாளை விரித்து மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலில் வைத்தார். வடகம் காயப் போடுவது மாதிரி. மத்தியானம் வரை காற்று அதன்மேல் மண்ணை வாரிப் போட்டது.

மறுநாள் அதைத் திருச்சிக்குக் கொண்டு போனது நான்தான். அங்கே இருந்தவர் ஒரு முறை பார்த்துவிட்டு மூடியை மேலே வைத்து என்னிடமே திருப்பித் தந்தார். "மூடியத் தொறக்காமக் கொண்டாந்திருந்தா முயற்சி பண்ணிருக்கலாம்மா" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் கடைக்கு வந்த அந்தப் பெண்ணிடம் அவரே சொன்னார். அவள் அழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கவலப்படாத ஆத்தா, நானே வந்து மேடத்துக்கிட்டச் சொல்றேன். எடுத்தவனே சொல்லும்போது என்ன?" என்றார். வீடியோவுக்குப் பதில் இப்போதைக்கு அவர். அவளுக்கும் வேறு வழி இல்லை. அவளோடு வர வீட்டில் யாரும் இல்லை என்பதால் நானும் போனேன்.

காவல் நிலையத்தில் அந்தப் பக்கம் பையனின் சித்தப்பாவும், குளத்தூர் நண்பனும் வந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா முதலில் இவரைத்தான் கேட்டார்.

"நீங்கதான் வீடியோ எடுத்தீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"எங்க அது?"

இரண்டு வார்த்தை சொன்னால் போதும். எடுத்தேன், என் மிஷினில் தண்ணீர் ஒழுகிப் போய்விட்டது. அவ்வளவுதான். அறையில் இருந்த ஒரு போலீஸ்காரர் இவரை அடையாளம் கண்டு, "சார்தானே தண்ணி கம்ப்யூட்டர் செஞ்சவரு?" என்று கேட்டார். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. இவர் முகம் மலர்ந்தது. தலையை ஆட்டிவிட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி,

"எடுக்கப் போனேங்க மேடம். அன்னைக்கின்னு பாத்துக் கேமரா சரியா ரெக்கார்டு ஆகல" என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. தான் செய்தது ஒழுகியது என்று ஊர் சொல்லிவிடக்கூடாது. அதற்காக ஒருத்தியின் கல்யாணத்தை, கேமராவிலும் பதிவே ஆகாத ஒன்றாக ஆக்கினார். கையில் கிடந்த பொய்யை எடுத்து ஓட்டையில் சொருகினார்.

சித்தப்பா எழுந்தார். "கேட்டுக்கங்க மேடம். இல்லாத வீடியோவக் காட்டி இல்லாத கல்யாணத்துக்கு நியாயம் கேக்க வந்துருக்கு இந்தப் புள்ள."

அந்தப் பெண் இவரைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "மேடம், ரெக்கார்டு ஆச்சு. நான் பாத்தேன். நான்தான் மிக்சிங். ஒரு தடவ இல்ல, நெறையத் தடவ பாத்துருக்கேன்."

"ஏம்மா..." என்று இவர் ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க சொல்லுங்க."

சொன்னேன். எந்தச் சுவருக்கு முன்னால் நின்றார்கள், சுவரில் என்ன காலண்டர், பையனின் சட்டையில் எந்தப் பக்கம் விலைச் சீட்டு கிழிக்காமல் தொங்கியது, எல்லாவற்றையும். இந்த நண்பன்தான் தாலித் தட்டைப் பிடித்திருந்தான் என்று சொன்னேன். "நான் அங்க போகவே இல்ல மேடம். இந்தம்மா கத சொல்றாங்க" என்றான் அவன்.

"முதல் முடிச்சுப் போடும்போது மாப்பிள்ளைக்குக் கை நடுங்குச்சு" என்றேன். "அப்ப இந்தத் தம்பி சொன்னாரு, 'மாப்ள, ஏன்டா இப்புடி ஆடுற? கட்டுறது தாலிடா, கரண்டுக் கம்பி இல்ல'ன்னு."

அவன் சிரித்துவிட்டான்.

அடக்குவதற்குள் சிரித்துவிட்டான். தன்னுடைய கேலியைத் தானே மறந்திருந்து, திடீரென்று காதில் கேட்டால் வருமே, அந்தச் சிரிப்பு. அடுத்த நொடி வாயைப் பொத்தினான். இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன தம்பி, இப்ப ஞாபகம் வருதா?"

சித்தப்பா அவனை முறைத்தார். அவன் அவரைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைப் பார்த்தான். "மாப்ள வீட்டுல இப்புடிச் சொல்லச் சொன்னாங்க மேடம்" என்றான். பிறகு எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டான். பையனை வரவழைப்பதாகவும், அதுவரை வேறு கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை என்றும் சித்தப்பாவிடம் எழுதி வாங்கினார்கள்.

வெளியே வந்தபோது இவர் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார். "நல்லபடியா முடிஞ்சுச்சுல்ல? ரெண்டு பேரும் வாங்க, டீ சாப்புடுவோம்" என்றார். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நாளைக்குச் சீக்கிரம் வந்துரும்மா, அந்த ரிசப்ஷன மறுபடி மொதல்லேர்ந்து பாக்கணும்."

"வரமாட்டேன்ணே. இனிமே வரமாட்டேன்" என்றேன். அதற்குப் பிறகு நான் அவரிடம் பேசியதில்லை.

அந்தப் பெண்ணை அறந்தாங்கி பஸ்ஸில் ஏற்றிவிடப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பஸ் எடுக்க நேரம் இருந்ததால் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா" என்றாள். "நீங்க அத நெறையத் தடவ பாத்தேன்னு சொன்னீங்கள்ல?"

"ஆமா."

"நான் ஒரு தடவகூடப் பாக்கலக்கா. நான் எப்புடி இருந்தேன்?"

அவள் கையில் படமாக இருக்க வேண்டியது என் வாயில் கிடந்தது. பேசத் தெரியாத என் வாயில். சேலை அரக்கு நிறம் என்றேன். அவள், அது தெரியும் என்றாள். பூ ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, நீ கவனிக்கவே இல்லை என்றேன். தாலி ஏறியதும் தலையைத் தூக்கி யாரையோ தேடின மாதிரி வாசல் பக்கம் பார்த்தாய் என்றேன்.

"அம்மா வந்துருக்குமான்னு பாத்தேன்க்கா" என்றாள். "அப்புறம்?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். இறங்குறவங்க இறங்குங்க என்றார். பஸ் நகர்ந்தது. நான் இறங்கவில்லை. அறந்தாங்கிக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு, அப்புறம் நடந்ததைச் சொன்னேன்.